எச்.ஆர். சொல்லும் ‘30 நாள்’ எந்த நாளிலிருந்து?

எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) எந்த வேலையை எத்தனை நாளில் முடித்துத் தரும் என்று எழுத்தில் கொடுக்கும் உறுதிதான் எஸ்.எல்.ஏ. வடசென்னை வாசகர்கள் அதைப் பற்றி அனுப்பிய கேள்விகளில் சில:

புது ஆளை 30 நாளில் தருவதாக எஸ்.எல்.ஏ. போட்டோம். ஒரு தடவைகூட முடியவில்லை. புரொடக்‌ஷன்காரர்கள் திட்டுகிறார்கள். – எச்.ஆர். அலுவலர், மணலி

அந்த 30 நாள் எப்போது தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களா? பெரும்பாலான சண்டைக்கு வேர் இதுதான். பழைய ஆள் ராஜினாமா கொடுத்த அன்றே புரொடக்‌ஷன் மேனேஜர் எண்ணத் தொடங்கிவிடுவார். நீங்களோ மேலிட அனுமதி வந்த நாளிலிருந்து எண்ணுவீர்கள். வேலை விவரம், சம்பள வரம்பு, கையெழுத்து மூன்றும் உள்ள கோரிக்கை வந்த நாளே முதல் நாள் என்று எழுதுங்கள். முடிவு எது என்பதையும் சொல்லுங்கள்: ஆஃபரை ஏற்ற நாளா, வேலையில் சேர்ந்த நாளா? புது ஆள் பழைய கம்பெனியில் முடிக்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் உங்கள் கையில் இல்லாததால், ஆஃபரை ஏற்ற நாளே நியாயம்.

மேனேஜருக்கும் கெடு வேண்டும். அனுப்பிய பயோடேட்டாவுக்கு இரண்டு வேலை நாளில் பதில், மூன்று நாளில் இன்டர்வியூ. அவர் தாமதித்த நாட்கள் உங்கள் கணக்கில் சேராது. இது இல்லாமல் கையெழுத்தே போடாதீர்கள். எல்லா வேலைக்கும் ஒரே கெடு வைப்பதும் தப்பு. ஹெல்பர் ஒரு வாரத்தில் கிடைப்பார். தகுதிச் சான்றிதழ் உள்ள பாய்லர் அட்டெண்டன்ட் அப்படிக் கிடைக்க மாட்டார்.

வேலையை விட்டவரின் கணக்கை முடிக்கும் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்டுக்கு 45 நாள் என்று எங்கள் எஸ்.எல்.ஏ.வில் இருக்கிறது. சரியா? – தண்டையார்பேட்டை

சரியில்லை. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவுப்படி, ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 30 நாள். சட்டம் வைத்த கெடுவை எஸ்.எல்.ஏ. குறைக்கலாம், நீட்ட முடியாது. பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு பிரிவும் கையெழுத்திடும் ‘நோ டியூஸ்’ படிவம் ஐந்து மேசை சுற்றுவதால்தான் தாமதம் என்றால், கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அதைச் சுற்ற விடுங்கள்.

பே-ஸ்லிப்பில் ஓ.டி. (ஓவர்டைம்) குறைந்தால் 24 மணி நேரத்தில் பதில் என்கிறார்கள். நைட் ஷிஃப்ட்காரனுக்கு யார் பதில் சொல்வது? – கிடங்கு ஊழியர், மாதவரம்

நியாயமான கேள்வி. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வரும்போது எச்.ஆர். அறை பூட்டியிருந்தால் அந்த 24 மணி நேரம் ஆபீஸ்காரர்களுக்கு மட்டுமே. வாரத்தில் இரண்டு நாளாவது ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒருவர் கேட்டருகே உட்கார வேண்டும். ‘புகார் வந்தது’ என்று சொல்வது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கெடு கேளுங்கள். ஓ.டி. பாக்கியை அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தள்ளவிடாதீர்கள்.

பாலியல் துன்புறுத்தல் புகாரையும் மற்ற புகார்களைப் போல எச்.ஆர். கணினியில் டிக்கெட்டாகப் பதியலாமா? – எண்ணூர்

கூடவே கூடாது. டிக்கெட்டைப் பலர் பார்ப்பார்கள், ரகசியம் போய்விடும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். விசாரணைக்கு 90 நாள், அறிக்கைக்கு 10 நாள், நடவடிக்கைக்கு 60 நாள் என 2013ஆம் ஆண்டுச் சட்டமே கெடு வைத்திருக்கிறது.

கெடு தவறினால் எச்.ஆர். ஊழியரின் இன்க்ரிமென்டைக் குறைக்கலாமா? – ராயபுரம்

வேண்டாம். கெடுவுக்குப் பயந்து, வேலை முடியாமலே டிக்கெட்டை மூடுவார்கள். மூடிய டிக்கெட்டில் எத்தனை திரும்பத் திறக்கப்பட்டன என்று மாதாமாதம் பாருங்கள்.