குதிகாலுக்குத் தொடைச் சதை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. மஞ்சள் காட்டில் பவர் டில்லரில் கால் சிக்கி, குதிகால் தோல் உரிந்து எலும்பு தெரிகிறது. இரண்டு முறை ஆபரேஷன் தியேட்டரில் வைத்துக் கழுவிவிட்டார்கள். இப்போது தொடையிலிருந்து சதையோடு எடுத்து 'ஃபிளாப்' வைக்க வேண்டும் என்கிறார்கள். "வெறும் தோல் வெச்சாப் பத்தாதுங்களா?" என்கிறார் மச்சாண்டார். காலையே எடுத்துவிட்டால் சீக்கிரம் வீடு திரும்பலாம் என்கிறார் இன்னொருவர். என்ன செய்வது?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பாறை மேல் நாற்று நட்டால் பிடிக்குமா அம்மா? மெல்லிசாகச் சீவி எடுத்து ஒட்டும் தோலுக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் இருக்கும் சதைதான் அதற்குச் சோறு போட வேண்டும். வெறும் எலும்பில் அது ஒட்டாது. தப்பித்தவறி ஒட்டினாலும், உடம்பு எடை முழுக்க இறங்கும் குதிகாலில் சீக்கிரமே கிழியும்.

ஃபிளாப் அப்படியல்ல; வாழைக்கன்றைத் தாய்மண்ணோடு பெயர்த்து வைத்து, சொட்டுநீர்க் குழாயையும் இணைப்பது மாதிரி. தொடைச் சதையோடு வரும் ரத்தக் குழாய்களைக் காலில் இருக்கும் குழாய்களோடு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். குழாயின் அகலமே இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். ஆபரேஷன் மணிக்கணக்கில் நீள்வது அதனால்தான். 1973-ல் மெல்போர்னில் இப்படிக் குழாய் இணைத்துச் செய்த ஆரம்பகால ஆபரேஷன் ஒன்று, கணுக்கால் காயத்துக்குத்தான். அதற்கு முன்பெல்லாம் ஒரு காலை இன்னொரு காலோடு சேர்த்துத் தைத்து, மூன்று வாரம் அப்படியே படுக்க வைப்பார்கள்.

முதல் மூன்று நாள் முக்கியம். நர்ஸ் அடிக்கடி வந்து நிறம், சூடு பார்ப்பார். சதை வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ நடுராத்திரியிலும் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். பயப்படாதீர்கள், சீக்கிரம் போனால்தான் காப்பாற்ற முடியும். அப்புறம், அவர் பீடி குடிப்பவரா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்டே ஆக வேண்டும். நிகோடின் அந்தச் சின்னக் குழாயைச் சுருக்கிவிடும். ஒருவரின் தலையணை உறைக்குள்ளிருந்து நானே பீடிக்கட்டு எடுத்திருக்கிறேன். பார்க்க வருகிற சொந்தக்காரர்களின் சட்டைப் பையையும் கவனியுங்கள்.

காலை எடுப்பது? ரத்த ஓட்டத்தை மீட்கவே முடியாதபோதும், சீழ் ஏறி உயிருக்கே ஆபத்து வரும்போதும் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் இரண்டு முறை கழுவிவிட்டு ஃபிளாப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால், கால் நிற்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். "ஊன்றி நடப்பாரா, உள்ளங்கால் நரம்பு தப்பியிருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். சரி என்றால் நாள் கடத்த வேண்டாம். திறந்து கிடக்கும் எலும்பு காய்ந்து சீழ் பிடிக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

ஒன்றை மட்டும் பலர் சொல்வதில்லை. புதுச் சதையில் பழைய உணர்ச்சி இருக்காது. முள் குத்தினாலும் தார் ரோடு சுட்டாலும் தெரியாது. ஆறிய பிறகு தினமும் ராத்திரி கண்ணாடி வைத்துக் குதிகாலைப் பாருங்கள். இனி வெறுங்காலோடு காட்டுக்குள் இறங்கக் கூடாது. மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு போடட்டும், வாசலில் கழற்றிவிடுவது நம் பழக்கம், அதனால் வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடியும் வாங்கி வையுங்கள்.