ஃப்ரீலான்சர் என்று எழுதிவிட்டால் கம்பெனி தப்பிவிடுமா?

கேள்வி: உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவன். கோவையில் இருந்துகொண்டு நாலைந்து அட்வென்ச்சர் கம்பெனிகளுக்கு நாள் கூலிக்கு ட்ரெக்கிங், பாறையேற்றம், ராப்பெல்லிங் (கயிற்றைப் பிடித்துப் பாறையில் இறங்குவது) சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒரு கம்பெனிக்கு மட்டும் மாதம் பத்துப் பன்னிரண்டு நாள் போகிறேன். ஏற்காடு பக்கம் அவர்கள் நடத்திய பள்ளி முகாமில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ராப்பெல்லிங்கில் கைவிட்டுச் சறுக்கி, பாறையில் மோதி, மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. இரண்டாவது பாதுகாப்புக் கயிறு வேண்டும் என்று காலையிலேயே கோஆர்டினேட்டருக்கு வாட்ஸ்அப் போட்டேன். "நேரமில்லை, ஒரே கயிறில் முடிச்சிடுங்க" என்று பதில் வந்தது. இப்போது என் பாக்கி 38,000 ரூபாயை நிறுத்திவிட்டார்கள். நடந்ததற்கு நானே பொறுப்பு என்று கடிதம் கேட்கிறார்கள். கேட்டால் "நீங்க ஃப்ரீலான்சர்தானே" என்கிறார்கள். பையனின் அப்பா போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். இரண்டு வருடம் வேறு கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கடிதம். எழுதிக் கொடுக்காதீர்கள். "சும்மா ஃபைலுக்காக" என்பார்கள், பாக்கியை உடனே தருகிறோம் என்பார்கள், அப்போதும் வேண்டாம். போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது, ஆனால் கம்பெனிக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கடிதத்துக்கு அந்தத் தடை கிடையாது, அதைக் கிரிமினல் கோர்ட்டிலும் காட்டலாம், நஷ்டஈட்டு வழக்கிலும் காட்டலாம். பையனைப் போய்ப் பாருங்கள், அவன் அப்பாவிடம் பேசுங்கள், அது வேறு. எழுத்தில் மட்டும் எதுவும் வேண்டாம்.

அடுத்து அந்த வாட்ஸ்அப். அதை நம்பித்தான் தைரியமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. பாதி சரி. பாதுகாப்புக் கயிறைக் கேட்டது நீங்கள், மறுத்தது கம்பெனி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதே செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "ஒரு கயிறு போதாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அப்புறம் ஏன் பையனை இறக்கினீர்கள்?" கோஆர்டினேட்டருக்குப் பாறையைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். பயிற்சி பெற்றவர் நீங்கள். மேலே கயிறைக் கட்டியிருக்கும் ஆங்கர் பக்கத்தில் நின்று, பையன் இடுப்பில் கட்டிய ஹார்னெஸைச் சரிபார்த்து, "போ" என்று சொன்னவரும் நீங்கள். கவனக்குறைவு வழக்கில் அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் எப்படி நடந்திருப்பார் என்றுதான் கோர்ட் பார்க்கும், மேலே இருப்பவர் சொன்னார் என்பது முழுக் கேடயம் ஆகாது. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018இல் சாகசச் சுற்றுலாவுக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. அது சட்டம் இல்லைதான், ஆனாலும் எது சரியான நடைமுறை என்று வாதம் வரும்போது இரண்டு தரப்பும் அதைத்தான் தேடி எடுக்கும், அதனால் நீங்கள் முதலில் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக அந்தச் செய்தியை மறைக்கச் சொல்லவில்லை. அழிக்கவே அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், மூலச் செய்தி போனிலேயே இருந்தால் வேலை சுலபம். அன்றைக்கு எடுத்த போட்டோ, பேட்ச் லிஸ்ட், எந்தக் கயிறு, யாருடைய கேராபினர் (கயிறை மாட்டும் கொக்கி), எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பயிற்றுநர் என்பதையெல்லாம் தேதியோடு எழுதி உங்கள் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். கயிறும் ஹார்னெஸும் கம்பெனியிடம் இருப்பதால், அவற்றை அப்படியே வைத்திருக்கச் சொல்லி இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், பிறகு "பழைய கயிறைத் தூக்கிப் போட்டுவிட்டோம்" என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

போலீஸ் விஷயத்தில் பதற வேண்டாம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம், அதனால் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 125(பி) போடுவார்கள்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றம். இப்படிப்பட்ட வழக்கில் பொதுவாகக் கைதுக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போங்கள், வக்கீலோடு போங்கள், போகாமல் இருப்பதுதான் கைதில் கொண்டுபோய் விடும். வெறும் அஜாக்கிரதை கிரிமினல் குற்றம் ஆகிவிடாது, கவனக்குறைவு மிக மோசமான அளவில் இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது டாக்டர்கள் வழக்கு, இருந்தாலும் உங்கள் வக்கீல் அதை எடுத்து வாதாட இடம் இருக்கிறது.

முகாம் நடந்த இடம் பட்டா நிலமா, காப்புக்காடா? நீங்கள் எழுதவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு தமிழக அரசு வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் முகாம் போட்டிருந்தால் வனத்துறை வழக்கும் சேர்ந்துகொள்ளும், அனுமதிக் கடிதம் இருந்ததா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இப்போது "ஃப்ரீலான்சர்தானே" என்ற பேச்சு. ஒப்பந்தத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சட்டம் முடிவு செய்யாது. என்ன வேலை என்பதோடு, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை 1956இல் தாரங்கதாரா கெமிக்கல்ஸ் வழக்கிலிருந்து கோர்ட்டுகள் பார்த்துவருகின்றன. உங்கள் விஷயத்தில் பள்ளியிடம் பணம் வாங்கியது கம்பெனி, இடம் பிடித்தது கம்பெனி, கயிறு கம்பெனியுடையது, எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்று சொன்னதும் கம்பெனிதான். நீங்கள் நாலு இடத்தில் வேலை செய்வது உங்களுக்கு எதிராகப் பேசும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஊழியரா இல்லையா என்ற சண்டை எப்படி முடிந்தாலும், பையனின் அப்பா நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் சேவையை விற்ற கம்பெனி நழுவ முடியாது, முகாமுக்கு ஏற்பாடு செய்த பள்ளியையும் சேர்ப்பார்கள், உங்களையும் சேர்க்கலாம். பெற்றோர் கையெழுத்துப் போட்ட கன்சென்ட் ஃபார்ம் இருக்கிறதே என்பார்கள். விளையாட்டில் இயல்பாக இருக்கும் ஆபத்துக்கு அது ஓரளவு உதவும், கவனக்குறைவை அது கழுவிவிடாது.

அந்த 38,000 முழுக்கத் தனி விஷயம், இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். செய்த வேலைக்கான பணம் அது. விபத்துச் செலவைக் கூலியில் பிடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால், கம்பெனி தானே நீதிபதியாகி ஒரு தொகையைக் கணக்குப் போட்டுக் கழிக்க முடியாது. முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ். வருமான வரி தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் எடுத்துப் பாருங்கள், இந்தப் பணத்துக்கு டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) கட்டியதாகக் காட்டியிருந்தால் நோட்டீஸில் அதைச் சேருங்கள். அது மட்டுமே போதாது, ஆனால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டமாகும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு ஏற்கெனவே வைத்திருந்தால் இன்னும் நல்லது: 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. இனிமேல் பதிந்து பழைய பாக்கிக்குக் கேட்பது கஷ்டம், 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவு இலவசம்தான், அடுத்த வேலைக்கு முன்னால் பதிந்துவிடுங்கள். இவ்வளவு சின்னத் தொகைக்கு நேராக வழக்குப் போடுவதைவிட, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்து லோக் அதாலத்தில் உட்காருவதுதான் என் விருப்பம், அங்கே கோர்ட் கட்டணம் கிடையாது. அது நடக்கவில்லை என்றால் சிவில் கோர்ட், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம் கெடு.

இரண்டு வருடத் தடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். வேலை உறவு முடிந்த பிறகு பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. அவர்களுடைய வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான். அடுத்த கம்பெனியில் சேரும்போது அவர்களுடைய பொறுப்புக் காப்பீட்டில் வெளிப் பயிற்றுநர்களும் அடக்கமா என்று பாலிசி நகலை வாங்கிப் பாருங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பாதுகாப்பு சரியில்லை என்று தோன்றினால் நிகழ்ச்சியை நிறுத்த எனக்கு உரிமை உண்டு, நிறுத்தினாலும் அன்றைய கூலி உண்டு என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முடியாது என்று சொல்லும் கம்பெனிக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.