கண்ணாடி மங்கினால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் மரம் அறுக்கும் மில்லில் வேலை. தூசிக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் போடுகிறோம். இடவப்பாதி மழை தொடங்கினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியில் ஆவி படிகிறது. கழற்றித் துடைக்கும்போது கண்ணில் தூள் விழுகிறது. எந்த ஸ்பிரே வாங்கலாம்?

பதில்: ஸ்பிரேக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை. இரண்டையும் போட்டுக்கொண்டு பலமாக மூச்சு விடுங்கள். கண்ணிமையில் சூடு பட்டால் மூக்கின் இருபுறமும் மாஸ்க் இடைவெளி விட்டிருக்கிறது. மூச்சுக்காற்று ஏறக்குறைய 34 டிகிரி சூட்டில், ஈரம் நிறைந்து வருகிறது. அதைவிடக் குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் பொடித்துளிகளாகப் படிகிறது. மழைக்காலத்தில் வெளிக்காற்றிலும் ஈரம் அதிகம். படிந்த துளி சீக்கிரம் காய்வதில்லை.

முதலில் மாஸ்க், பிறகுதான் கண்ணாடி. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராக மடிந்து பக்கவாட்டில் வழி திறக்கும். இரண்டு ஆள்காட்டி விரல்களால் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்தி வளையுங்கள். கண்ணாடிச் சட்டம் மாஸ்க்கின் மேல்விளிம்பின் மீது உட்காரட்டும். மூச்சை முன்பக்கமாக வெளியேற்றும் வால்வு வைத்த மாஸ்க் இந்த வேலைக்குத் தோதானது. தோர்த்தை (துண்டை) மூக்கில் கட்டிக்கொண்டு மேலே கண்ணாடி போடுகிறவர்களுக்கு எந்த ஸ்பிரேயும் உதவாது. தூசியும் நிற்காது, அது வேறு விஷயம்.

பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடி என்றால், காலையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, ஈர விரலால் உள்ளும் புறமும் தடவி, லேசாக அலசி, உதறி, காற்றில் காயவிடுங்கள். துடைக்கக் கூடாது. எஞ்சி நிற்கும் சோப்புப் படலத்தால் நீர் துளியாகத் திரளாமல் மெல்லிய தகடுபோலப் பரவும், பார்வை மறையாது. வியர்வை பட்டால் கரைந்துவிடும், மதியம் மறுபடி போட வேண்டும். நெற்றியில் ஒரு துணிப்பட்டை கட்டினால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

பற்பசை தேய்க்கச் சொல்வார்கள், அது கீறும். தின்னர், பெட்ரோல் பட்டால் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் லென்ஸில் மயிரிழை வெடிப்பு விழும். சில்லு தெறிக்கும்போது உடைவது அந்த இடத்தில்தான்.

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிறோம். பாலில் சேர்க்க ஃபார்மிக் ஆசிட் கலக்கும்போது மூடிய கோகிள்ஸ் மங்குகிறது. பக்கத்தில் நாலு ஓட்டை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. நேர் ஓட்டை வழியாக ஆசிட் துளி உள்ளே தெறிக்கும். காற்று வளைந்து நுழையும்படி மூடி வைத்த துவாரம் உள்ள கோகிள்ஸ் கேளுங்கள். இஎன் 166 என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ளதானால், சட்டத்தில் ‘3’ என்ற எண் இருந்தால் தெறிக்கும் திரவத்துக்கு ஏற்றது. தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: களியக்காவிளையில் இருக்கிறேன். பாறசாலைக் கடையில் ‘ஆன்டி-ஃபாக்’ என்று பெட்டியில் அச்சிட்ட கண்ணாடி வாங்கினேன். முதல் நாளே மங்கியது, திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். கேரளத்தில்தான் புகார் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், உங்களுக்கு நாகர்கோவில். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு. அதற்கு முன் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். சின்னத் தொகைக்கு அநேகமாக அதுவே போதும்.

ஆனால் லென்ஸின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இஎன் 166 முத்திரையோடு ஆங்கில ‘என்’ எழுத்து இருந்தால் மங்கல் சோதனையில் தேறியது. அமெரிக்க இசட்87 தரத்தில் அதற்கு ‘எக்ஸ்’. அந்த ‘என்’ சோதனையும் நீராவியில் 8 விநாடி தெளிவாக நிற்கிறதா என்றுதான் பார்க்கிறது; மழையில் நாள் முழுக்க மங்காது என்று அதற்குப் பொருளில்லை. எழுத்தே இல்லாமல் பெட்டியில் மட்டும் அச்சிட்டிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்கு மேலே லென்ஸைப் பிடித்து, மங்குவதை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அதுவரை சட்டை முனையால் துடைக்காதீர்கள்; பூச்சு உரிந்தது உங்களால்தான் என்று கடைக்காரர் சொல்ல அது போதும்.