உட்காரும் இடம் வலிக்கிறதா? பைக் சீட் பற்றிக் கேளுங்கள்

வணக்கம். சென்னையில் பைக் சீட் வேலை செய்கிறேன். வெறும் கவர் மாற்றுவதைவிட, நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு ஃபோமை அளவெடுத்துச் செதுக்கிக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. லீவு வருகிறது, நிறைய பேர் கிளம்பத் தயாராக இருப்பீர்கள், அதனால் சீட் பற்றி என்ன சந்தேகமோ இன்று கேளுங்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வண்டியோடு வந்த சீட்டில் பிளேடு வைக்காதீர்கள். பழைய சீட் ஒன்றை வாங்கி அதில் வேலை செய்யுங்கள். சரியாக வரவில்லை என்றால் கம்பெனி சீட்டை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

சேலம், கிளாசிக் 350: அண்ணா, 100 கி.மீ. தாண்டினால் உட்கார முடியவில்லை. சீட் கல் மாதிரி இருக்கிறது என்று மேலே 2 இன்ச் மெத்தென்ற ஃபோம் வைத்துத் தைத்தேன். முதல் வாரம் சுகமாக இருந்தது. இப்போது முன்பைவிட மோசம். ஏன்?

தம்பி, என்னிடம் வருகிறவர்களில் நிறைய பேர் இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். உட்காரும்போது நம் பாரத்தைத் தாங்க வேண்டியது சதை இல்லை, இடுப்பெலும்பின் அடியில் இருக்கிற இரண்டு முனைகள். மெத்தென்ற ஃபோமில் அந்த இரண்டு முனையும் நேராகக் கீழே இறங்கி சீட்டின் அடித்தட்டைத் தொட்டுவிடும். நடுவில் இருக்கும் ஃபோம் மேலே பிதுங்கி, பாரம் வரவே கூடாத இடத்தில் அழுத்தும். கடையில் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்தால் எல்லா ஃபோமும் சுகம்தான். முக்கால் மணி நேரத்துக்கு அப்புறம்தான் சீட் தன் குணத்தைக் காட்டும்.

கடையில் 32, 40 என்று டென்சிட்டி சொல்வார்கள். அது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். எண் கூடினால் கெட்டி என்று அர்த்தமில்லை. 40 டென்சிட்டியிலேயே மெதுவானதும் உண்டு, கெட்டியானதும் உண்டு. டென்சிட்டி சொல்வது ஃபோம் எத்தனை நாள் அமுங்காமல் உழைக்கும் என்பதை. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். நான் அடியில் ரீபாண்ட் ஃபோம் வைப்பேன் (வெட்டுத் துண்டுகளை அரைத்துப் பசை போட்டு அழுத்திச் செய்வது), அதன் மேல் 40 டென்சிட்டியில் மெல்லிய அடுக்கு ஒன்று, அவ்வளவுதான். மொத்த உயரம் பழைய சீட்டைத் தாண்டாது.

இனி அளவு. உயரம் குறைவாக இருக்கும் மாடிப்படியில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு, முழங்கால் சற்று மேலே வருகிற மாதிரி ஒரு நிமிடம் உட்காருங்கள். எழுந்து விரலால் தடவினால் இரண்டு குழி தெரியும். நடுவுக்கு நடு அளந்தால் பெரும்பாலும் 10 முதல் 14 செ.மீ.க்குள் வரும், பெண்களுக்குச் சற்று அகலம். அந்த இரண்டு புள்ளியும் விழுகிற இடத்தில் சீட் தட்டையாக இருக்க வேண்டும், அதற்கு வெளியேயும் இரண்டு பக்கமும் விரற்கடை இரண்டு மிச்சம் இருக்க வேண்டும். முன்பக்கம் சரிந்த சீட்டில் பிரேக் போடப் போட நாம் டேங்கை நோக்கி நழுவுகிறோம். அங்கே சீட் குறுகல், எலும்பு இரண்டும் ஓரத்தில் தொங்கும். அந்தச் சரிவை எடுத்தாலே பாதி வலி போய்விடும், ஃபோமை மாற்றக்கூட வேண்டியிருக்காது.

மதுரை, டாமினார் 400: சார், எந்தக் கடை நல்ல கடை? எவ்வளவு ஆகும்?

நானும் அதே தொழிலில் இருப்பதால் ஒரு கடையைச் சொல்வதோ தள்ளுவதோ முறையில்லை. சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் விசாரியுங்கள். மற்ற ஊர்களில் லாரி சீட் தைக்கிறவரைத் தேடுங்கள். நாமக்கல் மாதிரி பாடி கட்டுகிற ஊரில், நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த கைகள் இருக்கின்றன. கவரை ஸ்டேப்ளர் பின் அடித்துப் பொருத்தும் முன், வெறும் ஃபோமில் பழைய துணி சுற்றி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வர விடுவாரா என்று கேளுங்கள். விடுவேன் என்றால் அவரிடம் கொடுக்கலாம். விலை ஃபோமையும் ரெக்சினையும் பொறுத்தது.

வேலூர், ஹிமாலயன் 450: என் உயரம் 5 அடி 2 அங்குலம். கால் எட்டவில்லை. ஃபோமை வெட்டிக் குறைக்கலாமா?

சகோதரி, அந்த வண்டியில் சீட் 825, 845 மி.மீ. என்று இரண்டு நிலையில் வைக்கலாம். கீழ் நிலையில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாழ்வான சீட் தனியாகவும் கிடைக்கிறது. அப்புறமும் எட்டவில்லை என்றால் நடுவில் குறைக்காதீர்கள், முன்பக்கத்தில் தொடை உரசும் இரண்டு ஓரங்களைச் சீவச் சொல்லுங்கள். கால் பக்கவாட்டில் விரியாமல் நேராக இறங்கினாலே தரை கிட்டத்தில் வந்துவிடும். நடுவில் வெட்டினால் எலும்புக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. முழங்காலும் அதிகம் மடங்கும், நாலு மணி நேரம் ஓட்டினால் வலி இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வந்திருக்கும். கம்பெனி சீட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

கோவை, இன்டர்செப்டர் 650: ஜெல் பேட் வைத்தால் போதும் என்கிறார்கள். வைக்கலாமா?

வேண்டாம். நம் வெயிலுக்கு ஆகாது.

திருநெல்வேலி, ஸ்ப்ளெண்டர்: வலது பக்கம் மட்டும் வலிக்கிறது அண்ணா.

பின் பாக்கெட்டில் பர்ஸ் இருக்கிறதா? சமீபத்தில் ஒரு சீட்டைப் பிரித்தேன். கவர் புதுசு மாதிரி இருந்தது. உரித்ததும் வலது பக்கம் மட்டும் ஃபோம் மஞ்சள் பொடியாக உதிர்ந்தது, நடுவில் சதுரமாக ஒரு பள்ளம், தடித்த பர்ஸின் அதே அளவு. பர்ஸையும் போனையும் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அது இல்லை என்றால் ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த ஹேண்டிலுக்கு உடம்பு ஒரு பக்கம் திரும்பியே உட்காரும்.

கோவை, இன்டர்செப்டர் 650 (மீண்டும்): ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் படுக்கைப் புண் வராமல் இருக்க ஜெல் மெத்தை, காற்று மெத்தைதான் போடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாததா?

நல்ல கேள்வி, இதற்கு முழுசாகவே பதில் சொல்ல வேண்டும். ஜெல் பாரத்தைப் பரப்பும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் மெத்தையில் உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கிறது, சீட்டில் மொத்தப் பாரமும் இரண்டு எலும்பு முனையில். ஃபோம் மாதிரி ஜெல் சுருங்காது, இருக்கிற இடத்திலிருந்து விலகத்தான் செய்யும். கவருக்கு அடியில் 10 மி.மீ. ஜெல்லை ஒட்டினால் அது விலகிப்போக இடமும் இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை சூடு. ஜெல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். சித்திரையில் டீ குடிக்க 20 நிமிடம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து பாருங்கள். வடிவம் தப்பான சீட்டை ஜெல் சரி செய்யாது, அதுதான் என் வாதம்.

திருச்சி, பிசியோதெரபிஸ்ட்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வீல்சேர் குஷனிலும் ஜெல், காற்று இரண்டும் உண்டு, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அவ்வளவு நல்ல குஷன் கொடுத்தும், 15 நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு ஒரு முறை உடம்பைத் தூக்கியோ சாய்த்தோ அழுத்தத்தை விடச் சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறோம். எந்தக் குஷனும் தனியாகக் காப்பாற்றாது.

இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். ரோடு காலியாக நேராக இருக்கும்போது ஃபுட்ரெஸ்டில் கால் ஊன்றிச் சில நொடி எழுந்து நில்லுங்கள். மணிக்கு ஒரு தடவை வண்டியை விட்டு இறங்கி நடங்கள்.

கோவை (மறுபடியும்): அப்படியென்றால் காற்று குஷன்? அதில் சூடு தங்காதே.

அதை நான் தள்ளவில்லை. திருச்சி, மதுரை என்று நாற்கரச் சாலையில் நேராகப் போகிறவர்களுக்கு நல்ல பொருள். ஆனால் வாங்குகிறவர்கள் பந்து மாதிரி காற்றடித்துவிட்டு, ஆடுகிறது, வழுக்குகிறது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே வால்வைத் திறந்து காற்றை விடுங்கள், எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் உயரம் மிஞ்சினால் போதும். கொல்லிமலையில் 70 வளைவு, ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு. அந்த மாதிரி ரோட்டில் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள், வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று இடுப்புக்குத் தெரிய வேண்டும்.

ஈரோடு: நான் ஜெல் சீட்டில்தான் கன்னியாகுமரி போய் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

கோவை: பார்த்தீர்களா!

உங்கள் இருவருக்கும் ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வலை மாதிரி காற்றோட்டமான மெஷ் கவர் போடுங்கள், வண்டியை நிழலில் நிறுத்துங்கள். மெமரி ஃபோம் பற்றியும் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். குளிரில் இறுகும், சூட்டில் தளரும். ஊட்டியில் காலையில் ஒரு சீட், மேட்டுப்பாளையத்தில் மதியம் வேறு சீட். மெல்லிய மேல் அடுக்காக மட்டும் வைக்கலாம்.

தஞ்சாவூர், புல்லட்: அம்மா பின்னால் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். ராமேசுவரம் கூட்டிப் போக வேண்டும். பின் சீட்டை அகலமாக்கினால் போதுமா?

தம்பி, அவ்வளவு தூரத்துக்கு அம்மாவை ஒரு பக்கமாக உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். பாரம் முழுக்க ஒரு பக்கம், இடுப்பு முறுகியபடியே இருக்கும், எத்தனை அகலமாக்கினாலும் அது மாறாது. ரயிலில் அனுப்பிவிட்டு நீங்கள் வண்டியில் போங்கள். ஊருக்குள் போக வர என்றால் இடது பக்க ஓரத்தின் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கலாம், கால் வைக்கிற தட்டு தொடை தொங்காத உயரத்தில் இருக்க வேண்டும். அழகுக்காகக் கைப்பிடியையும் சேலைத் தடுப்பையும் கழற்றுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் கேட்கிறது. நம் வீட்டுப் பெண்கள் உட்காருகிற இடம் அது, கழற்றாதீர்கள்.

கடலூர்: மழையில் நனைந்தால் மூன்று நாளைக்கு சீட் ஈரமாகவே இருக்கிறது.

டைமண்ட் தையல் போட்டிருக்கிறீர்களா? கட்டம் கட்டமாக ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு வழி. உட்காருகிற இடத்தில் தையலே வரக் கூடாது, ஓரத்தில் மட்டும் வர வேண்டும். தடித்த தையல் எலும்புக்கு அடியில் வந்தால் அதுவே வலிக்கும். கவருக்கும் ஃபோமுக்கும் நடுவில் மெல்லிய பாலிதீன் விரித்துத் தைக்கச் சொல்லுங்கள், துருப்பிடிக்காத பின் அடிக்கச் சொல்லுங்கள்.

ஓசூர்: டைமண்ட் தையல் பார்க்க நன்றாக இருக்கிறதே, போடலாமா?

கடலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விழுப்புரம்: நல்ல கடை எது, விலை என்ன?

மதுரைக்காரருக்குச் சொல்லியாயிற்று.

பெங்களூரு, டாமினார் 400: அயர்ன் பட் அமைப்பின் சேடில்சோர் சவாலைப் பண்ணப் போகிறேன், 24 மணி நேரத்தில் 1,000 மைல். எந்த சீட்?

1,610 கி.மீ. வரும். அதற்கென்று புதிதாக சீட் செய்யாதீர்கள், ஏற்கெனவே உங்கள் உடம்புக்குப் பழகிய சீட்டில் போங்கள். மேலே ஆட்டுத்தோல் விரிப்போ, டாக்சியில் போடுகிற மணி கோத்த விரிப்போ கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டும் காற்றுக்கு இடம் விடும், வியர்வை தேங்காது. தடித்த தையல் உள்ள ஜட்டியும் ஜீன்ஸும் வேண்டாம், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுகிற தையல் உறுத்தாத உள்ளாடை போடுங்கள். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தோல் உரிவது அங்கேதான் ஆரம்பம். தூக்கம் வந்தால் ரைடை விட்டுவிடுங்கள்.

புதுச்சேரி: ஓட்டி முடித்தபின் அடியில் மரத்துப்போகிறது. எனக்கு மூலமும் உண்டு. என்ன ஃபோம் போடலாம்?

இது டாக்டரிடம் கேட்க வேண்டியது. இறங்கி நடந்தும் மரத்தல் போகவில்லை என்றால் தள்ளிப் போடாமல் போய்ப் பாருங்கள். சீட் பக்கம் நான் பார்ப்பது முன் சரிவு ஒன்றைத்தான், சேலத்துக்காரருக்கு எழுதியிருக்கிறேன்.

தருமபுரி: சீட் ஃபோமை நானே வெட்டி இறக்கலாமா? கம்பெனி சீட்தான்.

கூடாது. மேலே இரண்டு இடத்தில் சொன்னேன்.

ஆவடி, ஹிமாலயன் 411: அடுத்த வாரம் லடாக் கிளம்புகிறேன். இந்த ஞாயிறு சீட்டைக் கொடுத்தால் செய்து தருவீர்களா?

செய்ய மாட்டேன். ஃபோம் உங்கள் எடைக்குப் படிய நாள் வேண்டும். படிந்தபின் எங்கே உறுத்துகிறது என்று சாக்பீஸால் குறித்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஓட்டிப் பார்த்துத்தான் கவரைப் பின் அடிக்க முடியும். இப்போது கம்பெனி சீட்டோடு போங்கள். கிளம்பும் முன் பின் சஸ்பென்ஷனை லக்கேஜ் எடைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள், டயர் காற்றைப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அது ஒன்று விழுந்திருந்தாலும் அந்தப் பக்கம் சீட் இறங்கிவிடும். திரும்பி வந்ததும் எங்கே வலித்தது என்று எழுதி எடுத்துக்கொண்டு, இன்னொரு பழைய சீட்டோடு கடைக்கு வாருங்கள்.