தெரியும் என்றால் என்ன? சுங்கை சிப்புட் கேள்விகளுக்குப் பதில்

அறிவு என்றால் என்ன என்று கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன் என்றிருந்தேன். மலேசியாவில் இருக்கும் நம்ம ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்தும் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவி: சார், விடை தெரியாமல் குத்துமதிப்பாக 'சி' போட்டேன், சரியாகிவிட்டது. எனக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லலாமா?

இல்லைம்மா. மார்க் உனக்குத்தான், ஆனால் விடை உனக்குத் தெரியாது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் என்ற இந்தியத் தத்துவஞானி இதையேதான் கேட்டார்: மூடிய கையில் எத்தனை சோழி என்றதும் ஒருவன் ஐந்து என்று அடித்துவிடுகிறான், திறந்தால் ஐந்தே இருக்கிறது, இது அறிவா? கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ 'மேனோ' என்ற உரையாடல் நூலில் சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். சரியான எண்ணம் கையில் இருந்தாலும் அது ஓடிப்போகும், காரணத்தால் கட்டிப்போட்டால்தான் நிற்கும்.

லாரி ஓட்டும் தம்பி: அப்போ நம்புகிறோம், காரணம் இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் அறிவுதானே சார்?

அப்படித்தான் பல பேர் நினைத்தார்கள் தம்பி. 1963-இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவஞானி மூன்றே பக்கக் கட்டுரையில் அதை ஆட்டிவிட்டார். நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். விடிகாலை நாலரை மணி, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) படுத்திருக்கிறீர்கள், தகரக் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்கிறது, மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது (பால் எடுக்க ரப்பர் மரப் பட்டையைக் கீறுவதைத்தான் வெட்டு என்கிறோம்), பால் பட்டையில் வழிந்து வீணாகிவிடும், அதனால் இன்றைக்கு வெட்டு இல்லை என்று நினைத்துத் திரும்பிப் படுக்கிறீர்கள். உண்மையில் பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்து உங்கள் கூரையில் பீய்ச்சுகிறது. ஆனால் நீங்கள் வெட்டும் மேட்டுக்காட்டில் நிஜமாகவே மழை, வெட்டும் இல்லை. நம்பினீர்கள், காரணமும் இருந்தது, நினைத்ததும் சரி. ஆனாலும் உங்களுக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை, இல்லையா? சோழிக்காரனைப் போல இங்கேயும் அதிர்ஷ்டம் நடுவில் புகுந்துவிட்டது.

கெட்டியருக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக முன்பே, 8ஆம் நூற்றாண்டில், தர்மோத்தரர் என்ற பௌத்தர் இதை எழுதிவிட்டார். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை, பூச்சிகள் மொய்க்கின்றன. தூரத்தில் நிற்பவன் அதைப் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறான். இருப்பது நெருப்புதான், ஆனால் அவன் பார்த்தது புகையே இல்லை. இதை நம் பிள்ளைகள் முதலில் கேள்விப்பட வேண்டும் என்பது என் ஆசை.

கோயில் கமிட்டி ஐயா: தமிழில் இதெல்லாம் பேசப்பட்டதா?

நிறையவே பேசியிருக்கிறார்கள் ஐயா. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி ஒருவன் அளவைகளை விளக்குகிறான், மற்றச் சமயத்தார் தம் கொள்கைகளைச் சொல்கிறார்கள். அளவை என்றால் ஒன்றை எதைக்கொண்டு அறிகிறோம் என்பது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் பலர் சொன்ன அளவைகளைக் காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். உலகாயதர்களான சார்வாகர்களோ காட்சி மட்டும் போதும் என்றார்கள்.

ஓர் அக்கா: வாட்ஸ்அப்பில் வருவதும் 'உரை'தானே?

வருவதெல்லாம் உரை ஆகாது அக்கா. நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபில் சொல்பவரைத்தான் முதலில் பார்ப்பார்கள்: அவருக்கு அந்த விஷயம் நேராகத் தெரியுமா, தெரிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புகிறவரா. யார் எழுதியது என்றே தெரியாத பார்வர்டில் இந்த இரண்டையும் எப்படிப் பார்ப்பது?

இன்னொரு தம்பி: எல்லாமே கனவாக இருந்தால்?

பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் 1641-இல் இதைக் கேட்டார். நல்ல கேள்விதான், ஆனால் அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.

தோட்டத்தில் பிறந்த ஒருவர்: என் அம்மா முப்பது வருஷம் பால் மரம் வெட்டினார். படிக்கவில்லை, காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அவருக்கு இருந்தது அறிவா, வெறும் பழக்கமா?

அறிவுதான், சந்தேகமே வேண்டாம். உளி பட்டையில் இறங்கும் ஆழத்தை யோசித்துப் பாருங்கள். பால் குழாய்கள் பட்டைக்குள் இருக்கின்றன, அதற்கும் உள்ளே மரம் வளரும் மெல்லிய படலம் இருக்கிறது. உளி மேலாகப் போனால் பால் குறையும், படலத்தைத் தொட்டால் மரம் காயப்பட்டுப் பட்டை முண்டுமுண்டாக வளரும். விடிவதற்கு முன் இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், ஒவ்வொரு மரத்திலும் அந்த நூலிழையில் நிறுத்துவது குருட்டு அதிர்ஷ்டத்தால் முடியுமா? பட்டை மெலிந்த மரம் வந்தால் அவர் கை தானாக இளகியிருக்கும். பிளேட்டோ சொன்ன கட்டு அவருக்கு வாயில் இல்லை, கையில் இருந்தது. ஆங்கிலத் தத்துவஞானி கில்பர்ட் ரைல் 1949-இல், ஒன்றைச் செய்யத் தெரிவதை ஒரு செய்தி தெரிவதாகச் சுருக்கிவிட முடியாது என்று வாதாடினார். நான் அவர் பக்கம்.

அப்புறம் ஒன்று. விடியுமுன் வெட்டினால் பால் ஏன் அதிகம் என்பதற்குக் காரணம், வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருப்பதுதான். அம்மா இருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.