கருப்புக் கறைக்கு உப்புத்தாள் மருந்தல்ல

கேள்வி: பழைய சாமான் கடையில் தேக்கு வெனீர் ஒட்டிய சாப்பாட்டு மேசை வாங்கினேன். மேற்பலகையில் நான்கைந்து வெள்ளை வளையங்கள். ஒரு மூலையில் பூந்தொட்டி இருந்த இடத்தில் கருப்பு வட்டம். மெஷின் போட்டுத் தேய்த்து மறுபடி பாலிஷ் அடிக்கலாம் என்கிறார் ஆசாரி. சரியா?

பதில்: மெஷின் வேண்டவே வேண்டாம். வெனீர் என்பது பிளைவுட் மேல் ஒட்டும் மெல்லிய மர ஏடு; இப்போது வருவது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். கருப்பு போகும்வரை தேய்த்தால், கறைக்கு முன்பே தேக்கு போய்விடும். அடியில் இருக்கும் பிளைவுட் தெரிந்துவிட்டால் பிறகு செய்ய ஒன்றுமில்லை.

கறையின் நிறத்தை வைத்தே அது எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம். வெள்ளை என்றால் ஈரம் பாலிஷுக்குள்ளேயே நின்றுவிட்டது, மரத்துக்குச் சேதமில்லை. கருப்பு என்றால் தண்ணீர் பாலிஷைக் கடந்து மரத்தில் இறங்கியிருக்கிறது. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் வெளியிலிருந்து வரும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் இந்தக் கருப்பு வரும்.

முதலில் என்ன பாலிஷ் என்று பாருங்கள். கண்ணில் படாத ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். தின்னருக்கு மட்டும் இளகினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ்.

அரக்கு பாலிஷாக இருந்தால், வெள்ளை வளையத்தின் மேல் ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்த துணியால் பட்டும் படாமலும் ஓட்டுங்கள். துணி ஈரமாகத் தெரியக்கூடாது, கை ஓரிடத்தில் நிற்கவும் கூடாது. பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும். இஸ்திரிப் பெட்டி வைக்கச் சொல்வார்கள். வெனீருக்கு அது ஆபத்து, சூட்டில் அடிப்பசை இளகிக் கொப்புளம் கிளம்பும்.

கருப்புக்கு ஆக்சாலிக் அமிலம். மேற்பலகை முழுவதும் பாலிஷை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் அளவில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. கறைமேல் மட்டும் பூசினால் அந்த இடம் வெளுத்துத் திட்டாகத் தெரியும், அதனால் பலகை முழுக்கப் பூசுங்கள். கருப்பு கண்ணெதிரே மங்கத் தொடங்கும். போதாவிட்டால் காய்ந்தபின் இன்னொரு முறை. பிறகு ஈரத்துணியால் நாலைந்து தடவை துடைத்தெடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வெனீர் கிளம்பிவிடும். ஆக்சாலிக் அமிலம் விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. துடைக்காமல் விட்ட படிகம் தேய்க்கும்போது தூசியாகி மூக்கில் ஏறும், ஆகவே முகமூடியும் வேண்டும்.

இரண்டு நாள் நிழலில் காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளால், மர ரேகை ஓடும் திசையில், கையால் மட்டும் லேசாகத் தடவுங்கள். நிறம் வெளுத்திருந்தால் ஸ்டெயினர் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) கொடுத்து, அதன்மேல் பாலிஷ். பாலிஷ் அடிப்பதை மட்டும் மழைநாளில் செய்யாதீர்கள். காற்றின் ஈரம் லாக்கருக்குள் சிக்கினால் பலகை முழுதும் வெள்ளை பூத்துவிடும்.