அரபியில் ஏவல் வினை: சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: உஸ்தாத், 'உக்துப்' என்றால் எழுது, 'இஜ்லிஸ்' என்றால் உட்கார். முன்னால் உ வருமா இ வருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முளாரிஃயை (நிகழ்கால, எதிர்கால வினை வடிவத்தை) பிடித்துக்கொள்ளுங்கள். 'தக்துபு', நீ எழுதுகிறாய். முன்னாலுள்ள 'த'வைக் கழற்றி, கடைசியில் ஸுகூன் (உயிரொலி இல்லை என்று காட்டும் குறி) போட்டால் மிஞ்சுவது 'க்துப்'. ஸுகூனில் தொடங்கி அரபியில் வாயே திறக்க முடியாது. அதற்கு முட்டுக்கொடுக்கத்தான் அலிஃப் என்ற எழுத்து. நடு எழுத்துக்குப் பேஷ் (உகரக் குறி) இருந்தால் அலிஃபுக்கும் பேஷ்: உக்துப். ஸேரோ (இகரக் குறி) ஸபரோ (அகரக் குறி) இருந்தால் ஸேர்: இஜ்லிஸ், இஃப்தஹ் (திற). பலரும் சறுக்குவது இந்த ஸபரில்தான். 'அஃப்தஹ்' என்று சொன்னால் 'நான் திறக்கிறேன்' பக்கம் போய்விடும்.

கேள்வி: பாய், சவூதியில் லாரி ஓட்டுகிறேன். 'நில்' பலகையில் 'கிஃப்' என்று இரண்டே எழுத்து. அலிஃப் எங்கே போனது?

பதில்: தேவைப்படவில்லை. மூலம் 'வகஃப'. முளாரிஃ 'தகிஃபு' ஆகும்போதே வாவ் (வ எழுத்து) உதிர்ந்துவிட்டது. 'த'வையும் எடுத்தால் மீதி 'கிஃப்'. முதல் எழுத்துக்கே ஸேர் இருக்கிறது, முட்டு எதற்கு? இதைவிடச் சின்னதும் உண்டு. 'வகினா அதாபன் னார்' என்று துஆ ஓதுகிறோமே, அதில் 'வ' என்பது 'மேலும்', 'னா' என்பது 'எங்களை'. நடுவில் உள்ள 'கி' மட்டும்தான் 'காப்பாற்று'. ஒரே எழுத்தில் ஒரு முழு வினை!

கேள்வி: அப்படியானால் 'குல்' (சொல்)? இங்கே எல்லோரும் நீட்டித்தானே பேசுகிறார்கள்?

பதில்: 'தகூலு'வில் கடைசிக்கு ஸுகூன் போட்டதும் வாவும் லாமும் (ல எழுத்து) இரண்டுமே ஸுகூனாகி முட்டிக்கொள்ளும், வாவ் விழும்: குல். பெண்ணிடம் சொல்லும்போது முட்டல் இல்லை, நெடில் திரும்பிவிடும்: கூலீ. பேச்சில் ஆணிடமும் 'கூல்', வளைகுடாவில் 'Gகூல்' போல அழுத்தி நீட்டுவார்கள். பேசும்போது அப்படியே பேசுங்கள், எழுதும்போது குறுக்குங்கள்.

கேள்வி: 'எழுதாதே' என்பதற்கு 'லா உக்துப்' என்றேன். சிரித்துவிட்டார்கள்.

பதில்: சிரிக்கத்தான் செய்வார்கள். அம்ரோடு (ஏவல் வினையோடு) 'லா' ஒட்டாது. 'த'வைக் கழற்றாமல் கடைசிக்கு மட்டும் ஸுகூன்: லா தக்துப். பெண்ணிடம் லா தக்துபீ.

கேள்வி: முதலாளியிடம் மரியாதையாக 'எழுதுங்கள்' என்று சொல்ல 'உக்துபூ' சரியா?

பதில்: 'உக்துபூ' பலரிடம் சொல்லும் பன்மை, பின்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்ப்பார். ஒருமையிலேயே சொல்லி, கூடவே 'மின் ஃபள்லிக்' அல்லது 'லௌ ஸமஹ்த்' சேருங்கள். அப்புறம், கடைக் கதவில் 'இத்ஃபஃ' என்று கண்டால் பர்ஸை எடுக்க வேண்டாம். பணம் கட்டு என்பதற்கும் தள்ளு என்பதற்கும் அதே சொல்தான்.